கொக்கி வளர்த்த மீன்கள்

என் தங்கச்சி புருஷனுக்கு மாடு வெட்டும் கூடத்தில் கொக்கி என்றுதான் பெயர். உரித்த மாட்டை ஒரே வீச்சில் இரும்புக் கொக்கியில் குத்தி ஏற்றிவிடுவான். அரை மாட்டைத் தோளில் தூக்கிக் குளிரறைக்குக் கொண்டுபோகிற வேலை எனக்கு. இரண்டு பேருக்கும் கூடத்தில் கொடுத்த அதே ரப்பர் பூட்ஸ், அதே ரத்தம்.

ஒருநாள் ஆறு மீன்களை வாங்கிக்கொண்டு வந்தான். வட்டமாக, தட்டையாக, உள்ளங்கை அகலம், வெள்ளியாய் மின்னின. கடைக்காரன் ஒன்றின் வாயைப் பிளந்து பல்லைக் காட்டியிருக்கிறான். கொக்கிக்கு அதுவே போதும்.

"பிரானா, மச்சான்! மனுசனையே திங்கும். விரலை விட்டா எலும்புதான் மிச்சம்" என்று கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

கூடத்திலிருந்து தினமும் கறித்துண்டு வரும், தொட்டியில் விழும். மீன்கள் அதை மோந்துகூடப் பார்க்காது. தொட்டியில் நட்டு வைத்த செடிகளைத்தான் இரண்டே நாளில் மொட்டையாக்கிவிட்டன. அவன் வேலைக்குக் கிளம்பியதும் தங்கச்சி சின்ன வலையால் கறியை அள்ளிக் கொட்டிவிட்டு, வேகவைத்த கீரையைக் கையாலேயே ஊட்டுவாள். சாயங்காலம் கறியைக் காணோம் என்றால் மீன் தின்றுவிட்டது என்று அவனுக்குப் பெருமை.

"அவருகிட்ட சொல்லிடேன் பாப்பா" என்றேன்.

"சொன்னா? கடைக்காரன் ஏமாத்துனதுக்கு அடி யாருக்கு விழும்? பல்லு இருக்காம், அதனால கறி திங்குமாம். தினம் வெட்டுற மாட்டுக்கும்தாண்ணே பல்லு இருக்கு. அது எந்தக் கறியத் தின்னுச்சு?"

சிரித்தாள். உதட்டில் இருந்த தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கோபம் வந்தால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே நீட்டி, "விட்டுருவேன்டி" என்பான். அவளும் அலறுவாள். ஒரு பொய் அலறலோடு அன்றைய பாடு முடிந்துவிடும். அவன் சூடு வைத்த நாட்களோடு பார்த்தால் அது லாபம் என்பாள். அந்த மீன்கள் பிரானாவாக இருக்கிற வரைக்கும்தான் அவளுக்கு அந்த லாபம்.

இன்னொரு உபகாரமும் அவை செய்தன. வெளிப்படிக்கட்டு இரும்பு. அவன் பூட்ஸ் முதல் படியில் பட்டதுமே, நமக்குச் சத்தம் கேட்பதற்கு முன்னால், ஆறும் ஒரே பாய்ச்சலில் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து அவள் அரிவாள்மனையை அவன் கைக்கு எட்டாமல் எடுத்து ஒளித்துவைப்பாள்.

ஒருநாள் மத்தியானத்தோடு வேலை முடிந்தது. கூடத்து மேஸ்திரியையும் தோல் உரிப்பவனையும் மீன் காட்டக் கூட்டிவந்தான். என்னையும் வரச் சொன்னான், வேலை பூட்ஸோடு அப்படியே போனேன். ஈரலை எடுத்துத் தொட்டியில் போட்டான். ஆறும் மூலையில் ஒடுங்கின.

தோல் உரிப்பவன் இளித்தான். "என்னண்ணே, உன் புலிங்க பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்படுது?"

"ரத்தம் கலக்கணும்டா. அப்பப் பாரு."

அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். கொக்கியின் கத்தி அதற்குள் பக்கத்தில் நின்ற தங்கச்சியின் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீரில் அமுக்கினான். ரத்தம் புகை போலப் பிரிந்தது. இந்தத் தடவை அவள் அலறவில்லை.

மீன்கள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஆறும். மேஸ்திரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவை அவள் விரல்களுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து தேடின. அது சோறு போடுகிற கை. ஒன்று நகக்கணுவில் ஒட்டியிருந்த பச்சைத் துணுக்கைப் பிடித்து இழுத்துத் தின்றது. ஈரல் அடியிலேயே கிடந்தது.

தோல் உரிப்பவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கீரைடா அது! கொக்கி, நாளைக்கு ஒரு புல்லுக்கட்டு கொண்டா!"

கொக்கி அவளைப் பார்த்தான். "தெரிஞ்சே நடிச்சியாடி இத்தன நாளும்?"

கதவுக்குப் பின்னால் தொங்கிய இரும்புக் கொக்கி அவன் கைக்கு வந்தது. முதல் அடியில் தொட்டி வெடித்தது. தண்ணீரும் கண்ணாடியும் மீனும் எங்கள் காலில் கொட்டின. இரண்டாவது வீச்சு அவள் தலைக்கு. நான் நடுவில் பாய்ந்தேன். முனை என் தோள் சதையில் ஏறியது. அரை மாடு சுமந்து காய்த்த தோள், அதனால் ஆழமாகப் போகவில்லை. அவனைக் கீழே தள்ளினேன். கொக்கியைப் பிடுங்கி, அவளைப் பிடித்த அந்த வலதுகை மணிக்கட்டில் அதன் கட்டைப்பிடியால் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குப் பழகிய சத்தம்தான். அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடிச் சில்லில் அவன் முகத்தை அழுத்தித் தேய்த்தேன். பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தேன். மறுபடி உதைத்தேன். மேஸ்திரி இழுத்தும் நான் நிற்கவில்லை.

"அண்ணே, போதும்." அவள் கத்தவில்லை. "போதும்ணே."

திரும்பிப் பார்த்தேன். மீனுக்குத் தண்ணீர் மாற்றப் பிடித்து வைத்திருந்த வாளியை இழுத்து வந்து, ரத்தம் சொட்டும் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் முனகினான். அவள் அவனைத் தாண்டி நடந்து, கட்டிலுக்கடியில் கைவிட்டு நாலாவது மீனை எடுத்தாள். மற்ற இரண்டும் செத்திருந்தன.

வாளியோடு என் அறைக்கு வந்துவிட்டாள். அவன் கூடத்துப் பக்கமே வருவதில்லை, கொக்கி பிடிக்க அந்தக் கை இனி உதவாது. மீன்கள் இப்போது ஜன்னலோரம் நீல டிரம்மில். தினமும் கீரை.

ஒருநாள் வேலை முடிந்து படியேறி வந்தேன். என் படியும் இரும்புதான். கதவு திறந்திருந்தது. நாலும் டிரம்மின் ஒரு பக்கமாக ஒட்டிக்கிடந்தன. அவள் சுவரோடு சுவராக நின்றாள், கையில் அரிவாள்மனை.

"நான்தான் பாப்பா."

"தெரியும்ணே" என்றாள். ஆனால் அரிவாள்மனையைக் கீழே வைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண் என் முகத்துக்கு வரவேயில்லை. என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பூட்ஸைக் கீழேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஏறுகிறேன். மீன்கள் இன்னும் மூலைக்குத்தான் ஓடுகின்றன.