ஆள் பிடிக்கும் விசில்

கல்லூரிக்கு வராமல் நின்றுவிட்ட ஒருவனை விசில் சார் திரும்பக் கொண்டு வந்தார் என்றால், அவன் சட்டையில் ஒரு பொத்தானாவது அறுந்திருக்கும். அவர் உடற்பயிற்சி ஆசிரியர். குத்துச்சண்டையில் வாங்கிய பதக்கங்களைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். இதே கல்லூரியில் படித்தபோது போட்டி போட்டி என்று ஓடி, கடைசி வருடப் பரீட்சையை எழுதாமலே விட்டவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். "ஓடிப்போனவன் எங்க ஒளிவான்னு எனக்குத் தெரியாதா? நானே ஓடிப்போனவன்தானே" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கல்லூரி சின்னது. சேருகிறவர்களுக்குக் குறைவில்லை, முடிக்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். ஒருத்தன் வேலைக்குப் போய்விடுவான், ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிடும், இன்னொருத்தன் என்ன ஆனான் என்று அவன் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கே தெரியாது. இந்த வருடம் சேர்ந்தவர்களில் பாதிப் பேராவது பட்டம் வாங்காவிட்டால் கல்லூரியை இழுத்து மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியாயிற்று. அன்றைக்கு முதல்வரம்மா விசில் சாரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"போனவங்களைக் கொண்டு வாங்க சார். எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

இதைவிட நல்ல வேலை விசில் சாருக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. கல்லூரி வேனை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வீட்டுக்கு எதிரே தெருவில் காலை அகட்டி நின்று, கழுத்தில் தொங்கும் விசிலை வாயில் வைத்து ஊதுவார். கதவைத் தட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு எல்லாம் எட்டிப் பார்க்கும். அவர் பாட்டுக்கு ஊதிக்கொண்டே நிற்பார். மானம் போகிறதே என்று வீட்டுக்காரர்களே பிள்ளையைத் தள்ளிவிடுவார்கள். அப்படியும் வராதவனைச் சட்டைக் காலரைப் பிடித்து வேனில் ஏற்றுவார். லாரி கிளீனராகப் போன ஒருவன் திமிறிக் கத்தியை எடுத்தபோது, அவன் முன்பல் இரண்டு கீழே விழுந்தது. அவன் பல் இல்லாத வாயோடு வகுப்பில் உட்கார்ந்து படித்தான். முதல்வரம்மா அவனைப் பார்த்தார், தான் சொன்னபடியே எதையும் கேட்கவில்லை.

பொருளியல் மூன்றாம் ஆண்டில் ஒரு பெண் இருந்தாள். வருகைப் பதிவின்போது மற்றவர்கள் முனகுவார்கள், அவள் மட்டும் கூரை அதிர "உள்ளேன்!" என்பாள். அதுவே அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. படிக்கும்போதே கல்யாணம் ஆகி, அப்படியும் விடாமல் வந்துகொண்டிருந்தவள். ஒருநாள் கண் ரத்தமாய்ச் சிவந்து, கன்னம் பணியாரமாய் வீங்கி வந்தாள். கதவு இடித்துவிட்டது என்றாள். "கதவுகிட்டல்லாம் ஏம்மா சண்டைக்குப் போற?" என்று விசில் சார் கிண்டல் செய்தார். மைதானமே சிரித்தது. அவளும் உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசிப் பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது உள்ளேன் காணாமல் போனாள்.

தேடி வந்தவன் அவள் புருஷன். டயர்க்கடை வைத்திருந்தான். கல்லூரி வாசலில் விசில் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "எங்க போனாள்னே தெரியல சார். சோறு இறங்கல. நீங்க எத்தனையோ பேரைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்திருக்கீங்களாம். அவளையும் கொண்டு வந்துடுங்க சார்."

விசில் சாருக்குப் புல்லரித்துவிட்டது. முதுகில் தட்டிக்கொடுத்து, "பாதாளத்துல இருந்தாலும் இழுத்துட்டு வரேன். போய்க் கடையைப் பாரு" என்றார். அவன் கடையைப் பார்க்கப் போகவில்லை. தினமும் வாசலுக்கு எதிரே பைக்கின்மேல் உட்கார்ந்து, வேன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டியை நினைத்து உருகுகிறான் பாவம் என்று விசில் சார் நினைத்தார். எத்தனை பேரைக் குத்திச் சாய்த்த மனிதர், மூளையில் மட்டும் பச்சைப்பிள்ளை.

கண்டுபிடித்தே விட்டார். அவளுடைய சித்தி நகரத்தின் மறுகோடியில், சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறையில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அங்கே புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், வெளியே தலையே காட்டுவதில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, மறுநாள் காலையிலேயே வேனை எடுத்துவிட்டார். பின்னால் ஒரு பைக் வருவதைக் கண்ணாடியில் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

சைக்கிள் கடை முன்னால் நின்று ஊதினார்.

மேல் ஜன்னல் பட்டென்று திறந்தது. சித்தி பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "யோவ்! நிறுத்துய்யா! உனக்குப் புண்ணியமாப் போகும், வாயிலேர்ந்து அதை எடுய்யா!"

மானத்துக்குப் பயந்துதான் கத்துகிறாள், இன்னும் கொஞ்சம் ஊதினால் அனுப்பிவிடுவாள் என்று நினைத்து, கன்னம் உப்ப ஊதினார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சித்தியின் தோளுக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. வந்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே குஷி. ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

டயர்க்கடைக்காரன் பைக்கை அப்படியே தரையில் சாய்த்துவிட்டு வந்தான். கையில் டயர் கழற்றும் இரும்பு நெம்புகோல். அவரைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றான்.

"ரொம்ப நன்றி சார்" என்றான். சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினான்.

விசில் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சிவந்த கண், அந்தக் கதவு, தான் அடித்த கிண்டல், எல்லாம் சேர்ந்து மண்டையில் இறங்கியது. ஐயோ பாவி, நானே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேனே என்று படிக்குப் பாய்ந்தார். மேலே தாழ்ப்பாள் பிய்கிற சத்தம் கேட்டது.

அவர் உள்ளே நுழைந்தபோது தையல் மிஷின் கவிழ்ந்து கிடந்தது. அவன் அவள் கூந்தலை முஷ்டியில் சுற்றி, துணி வெட்டும் மேஜைமேல் அவள் முகத்தை அழுத்தியிருந்தான். முழங்காலால் அவள் வலது முன்கையை மேஜையோடு சேர்த்து அமுக்கியிருந்தான்.

"இந்தக் கைதானே பரீட்சை எழுதும்? எழுதுடி. இப்ப எழுதுடி."

விசில் சார் எட்டிப் பிடிப்பதற்குள் இரும்பு இறங்கிவிட்டது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தவில்லை, வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. சித்தி மூலையிலிருந்து கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் முதுகில் வைத்து அழுத்தினாள். சட்டை பொசுங்கி, தோல் பொசுங்கி, அவன் ஊளையிட்டு, அவர் பிடியை உதறித் திரும்பினான். நெம்புகோல் சித்தியின் தோளில் பட்டு அவள் சுவரோடு போய் விழுந்தாள்.

அதற்குப் பிறகு விசில் சார் அடித்தார். முதல் குத்தில் மூக்கு உடைந்தது. அடுத்ததில் தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. அவன் நெம்புகோலை வீசினான், அது அவர் விலாவில் பட்டது, அவருக்கு அது பட்டதே தெரியவில்லை. கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து குத்தினார். பல்லில் பட்டு அவர் விரல் கணுக்கள் பிளந்தன. மணியடித்தால் நிறுத்த வேண்டும் என்று பழகிய கை அது. அங்கே மணியடிக்க யாரும் இல்லை. அவனை அடிக்கிறாரா, தெருவில் நின்று விசில் ஊதின மடையனை அடிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. முகம் என்று ஒன்று இல்லாமல் போகும்வரை அடித்தார்.

"சார்."

அவர் கேட்கவில்லை.

"சார்! அவனை அடிச்சது போதும். என் கையைப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். அது கை மாதிரியே இல்லை.

ஆஸ்பத்திரியில் டயர்க்கடைக்காரனைப் போலீஸ்காரர்கள் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். அவளுக்கு எலும்பைச் சேர்த்துக் கம்பி வைத்து, விரல் நுனிமட்டும் தெரியக் கட்டுப் போட்டார்கள். தாழ்வாரத்தில் விசில் சார் தலை குனிந்து நின்றபோது, சித்தி தோளில் கட்டோடு எழுந்து வந்தாள். நல்ல கையால் அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

"பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன்யா. ஊதிக் குடுத்திட்டியே. பரீட்சைக்கு இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு. அன்னிக்கு நானே கொண்டு வந்து விட்டிருப்பேனே."

அவர் இன்னொரு கன்னத்தையும் காட்டிக்கொண்டு நின்றார். அடித்தால் தேவலை போலிருந்தது. அவள் அடிக்கவில்லை.

பரீட்சை நாளன்று உள்ளேன் வந்தாள். ஒரு கண் மூடிக் கிடந்தது, கூந்தலில் ஒரு பக்கம் பிய்ந்து மண்டைத்தோல் தெரிந்தது, கை கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கியது. முதல்வரம்மா அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டார். சொல்லச் சொல்ல எழுதித் தர முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தியை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். எழுதுகிறவர் பட்டம் வாங்காதவராக இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

அவள் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. வராந்தாத் தூணோடு ஒட்டி நின்ற விசில் சாரைப் பார்த்தாள்.

"இவர் எழுதட்டும்."

"அம்மாடி, அவர் எதுக்கும்மா? அவர் பேனா பிடிச்சே..."

"என் கை போனது இவராலதான் மேடம். இவர் கைதான் எழுதணும்."

விசில் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை வருடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் வேறு குரலில் சொன்னார். "நான் பட்டம் வாங்கல மேடம். விதிப்படி சரிதான்."

தனி அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வாசலில் ஒரு கண்காணிப்பாளர். உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: "கழுத்துல இருக்கிறதைக் கழட்டுங்க."

கழற்றினார். கண்காணிப்பாளர் அதை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

விசில் சாரின் வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. உள்ளே கணு உடைந்திருக்கிறது, இரண்டு மாதம் அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேனாவைக் கட்டை விரலுக்கும் கட்டுக்கும் நடுவே செருகிக்கொண்டார். முதல் வரியிலேயே வலி தோள்பட்டை வரை ஏறியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள், நிதானமாக, வகுப்பில் பதில் சொல்கிற அதே குரலில். வேலையின்மை பற்றி ஒரு பக்கம், விலைவாசி பற்றி ஒரு பக்கம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். கட்டு நனைந்து, விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒட்டியது. துடைத்துவிட்டு எழுதினார். ஒரு சொல்லை விட்டுவிட்டார். அவள் குனிந்து படித்துப் பார்த்து அதைத் திரும்ப எழுதச் சொன்னாள். எழுதினார்.

பாதி நேரம் போயிருக்கும். அவள் பேச்சு சட்டென்று நின்றது. நெற்றி முழுக்க வியர்வை, உதடு வெளுத்துவிட்டது. விசில் சாரால் தாங்க முடியவில்லை. இரண்டு நாளாய்ச் சொல்லத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்ததெல்லாம் கண்ணில் வந்து நின்றது.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

அவள் நல்ல கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"அது கேள்வித்தாள்ல இல்ல சார். எழுதுங்க."