கைமணிக் கணக்கு

என் வீட்டுக்காரர் காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் லாப நட்டம் பார்த்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அந்தப் புத்தி ஓயவில்லை. "எழுபது ஆகப்போகுது, வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கோங்க" என்று டாக்டர் சொன்னதும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சல் வந்தா பத்து நாள் படுக்கை. இப்ப சம்பளமா போகப்போகுது? மாத்திரை ஊசிய விட மலிவு. கட்டுப்படியாகாதுடி" என்று தீர்ப்பும் சொன்னார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. அலமாரியிலிருந்து போன வருடத்துக் காலண்டரை எடுத்து அவர் முன்னால் போட்டேன். அப்போது காய்ச்சலில் மாடியறையில் கிடந்தவர், தலைமாட்டில் ஒரு கைமணி வைத்திருந்தார். வெந்நீருக்கு மணி, போர்வைக்கு மணி, போர்வையை எடுக்கவும் மணி. மணியடித்த போதெல்லாம் காலண்டரில் ஒரு கோடு போட்டிருந்தேன்.

"இருநூத்திப் பன்னெண்டு தடவை மாடி ஏறியிருக்கேன். தடவைக்கு என்ன கூலின்னு நீங்களே போடுங்க."

போட்டார். பாதியில் பென்சிலை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"ரெண்டு நாள் கை வலிக்கலாம்" என்றாள் ஊசி போட்ட நர்ஸ். அதைக் கேட்டு மனுஷன் முகம் மலர்ந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மணியோடு படிக்கட்டில் வந்து நின்றார்.

"என்னடி இது, எவ்வளவு ஆட்டினாலும் சத்தமே வரல?"

"நாக்கைக் கழட்டிட்டேங்க" என்றேன். "கணக்குப் போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகல."