ஆளோடு வந்த சான்றுப் பொருள்

கோர்ட்டுக்கு என்னென்னவோ சான்றுப் பொருளாக வந்திருக்கின்றன. கத்தி வந்திருக்கிறது, கதவு வந்திருக்கிறது. ஒருமுறை உயிருள்ள ஆடு ஒன்று வந்து, வழக்கு முடிவதற்குள் இரண்டு குட்டியும் போட்டுவிட்டது. ஆனால் ஒரு மோதிரம் ஆளோடு சேர்ந்து வந்தது அன்றைக்குத்தான்.

ஆள் ஒரு பேக்கரிக்காரர். விடிவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைந்து பிசைந்து, அவர் விற்கும் பன்னைப் போலவே விரல்கள் உப்பிப்போனவர். அதில் ஒரு விரலில் கல்யாண மோதிரம் புதைந்து கிடந்தது. மோதிரத்தைச் சுற்றி ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு அட்டை, அட்டையில் சிவப்பு மையில் ‘சான்றுப் பொருள் 1’. கூண்டில் நின்று அவர் வியர்வையைத் துடைக்கும்போதெல்லாம் அட்டை மூக்கில் வந்து இடித்தது.

“இது என்ன கூத்து?” என்றார் நீதிபதி அம்மா.

“கழட்ட முடியலைங்கம்மா,” என்றார் கோர்ட் குமாஸ்தா. “ஸ்டேஷன்ல எண்ணெய் போட்டுப் பாத்தாங்க, ஐஸ் வச்சுப் பாத்தாங்க, ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தும் பாத்தாங்க. அறுத்து எடுத்தா சான்று சேதமாயிடும். அதனால ஆளோடயே அட்டையக் கட்டிட்டாங்க.”

சிரிக்கக்கூடாத இடத்தில்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருக்கு வக்கீல்கள் வைத்திருந்த பெயர் ‘ஸ்கேல்’. யாருக்காகவும் ஒரு நூலளவு வளையமாட்டார். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் அவருக்கு அதில் பெருமைதான்.

வழக்கு இவ்வளவுதான். பிசைந்து வைத்த மாவு உப்பி வருகிற நேரத்தில் அந்த அறைக் கதவைத் திறக்கக்கூடாது. பேக்கரிக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, திறந்தார். குளிர்காற்று புகுந்து தட்டு தட்டாக மாவு அமுங்கிப்போயிற்று. “ஒரு ரொட்டிக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறீங்களே” என்று வேறு வாயைக் கொடுத்தார். பேக்கரிக்காரர் புறங்கையால் விட்டார் ஒன்று. மோதிரம் பட்டுக் கன்னம் கிழிந்தது, தையல் போட வேண்டியதாயிற்று.

வெறுங்கையால் அடித்திருந்தால் நீதிபதி நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பார். ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. உலோகம் உள்ள கையால் ஒருவரை அடித்துக் காயப்படுத்தினால் இரண்டு வருடம் சிறை. குறைக்க வழியே கிடையாது.

அடி வாங்கின மச்சானே, கன்னத்தில் பிளாஸ்திரியோடு எழுந்து நின்றார். “விட்டுடுங்கம்மா. அத்தான் வெளிய இருந்தாத்தான் நானும் ஒண்ணு திருப்பிக் குடுக்க முடியும்.”

“உட்காருங்க,” என்றார் அரசு வக்கீல். இளைஞர், கெட்டிக்காரர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சட்டம் சொல்வார். “மோதிரம் உலோகம். அது கையில இருக்கு. அந்தக் கையால அடிச்சிருக்காரு. இதுல யோசிக்க என்ன இருக்குங்கம்மா?”

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து பேக்கரிக்காரரின் மனைவி எழுந்தாள். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் புருஷன். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“அந்த மோதிரத்தப் போட்டுவிட்டது நான்தாம்மா. அது குத்தம்னா என்னையும் அவரோட உள்ள போடுங்க.”

நீதிபதி பேனாவை மூடினார். மதியத்துக்குப் பிறகு தீர்ப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

உள் அறையில் சாப்பாடு இறங்கவில்லை. ஜன்னல் வழியே வெயில் சாய்வாக மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் தன் விரலைப் பார்த்தார். அங்கேயும் ஒரு மோதிரம். கல்யாணத்தன்று ஏறினது. இழுத்துப் பார்த்தார், முட்டியைத் தாண்டவில்லை. கை கழுவும் கிண்ணத்து வெந்நீரில் சோப்பைக் கரைத்து விரலை உள்ளே விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

சட்டக் கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் பண்ணின பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பழைய கிரேக்க நாட்டு ஞானி ஒருவர் சொன்னது. சட்டம் எல்லாருக்கும் பொதுவாகத்தான் பேச முடியும், வருகிற வழக்கோ ஒவ்வொன்றும் ஒரு தினுசு. சட்டத்தின் பேச்சு எட்டாத இடத்தில், அதை எழுதினவரே இங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அதை நீதிபதி சொல்ல வேண்டும். அதற்கு அந்த ஞானி காட்டின உதாரணம் என்ன தெரியுமா? மோதிரம் போட்ட கையை ஓங்கினவன். எழுத்துப்படி அவன் குற்றவாளி, உண்மைப்படி இல்லை. இந்தப் பேக்கரிக்காரருக்காக ஒரு மனுஷர் இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே யோசித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தபோது நீதிபதிக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கு அதை மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு மறந்துபோனவர் அவர்.

ஆனால் பயமும் இருந்தது. இன்றைக்கு ஒருவருக்காக வளைந்தால், நாளைக்கு வருகிறவனும் வளையச் சொல்வான். வளைந்த ஸ்கேலை வைத்துக்கொண்டு யார் கோடு போடுவது?

இமை கனத்தது. கிண்ணத்துத் தண்ணீர் மெல்ல அகன்றது. சோப்பு நுரை அலை நுரையாயிற்று, மேசை விளிம்பு கரையாயிற்று. கரையில் வெள்ளை வெயில். கொத்தனார் ஒருவர் மதில் கட்டிக்கொண்டிருந்தார். கற்கள் ஒன்றுகூடச் சதுரமில்லை, எல்லாம் கோணல் மாணல். அவர் கையில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருந்தது. ஈயத்தில் செய்த அளவுகோல். அதைக் கல்மேல் வைத்தால் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிக் கல்லோடு கல்லாய்ப் படிந்தது. கிரேக்கத் தீவு ஒன்றின் கொத்தனார்கள் வைத்திருந்த இந்த ஈய அளவுகோலும் அதே பாடத்தில்தான் இருந்தது என்று கனவிலேயே அவருக்கு ஞாபகம் வந்தது.

“வளையுதே,” என்றார் நீதிபதி. “இத எப்படி அளவுன்னு நம்புறது?”

“வளையும்மா,” என்றார் கொத்தனார், தலையை நிமிர்த்தாமல். “ஆனா நீளாது. வேணும்னா நீட்டி வச்சுப் பாருங்க, அதே அளவுதான் இருக்கும்.”

சற்றுத் தள்ளி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் அந்தச் சட்டத்தை எழுதினவர். யாரும் சொல்லாமலே தெரிந்தது. கனவில் அப்படித்தான் தெரியும். தெருவில் இரும்புக் காப்பு மாட்டிக்கொண்டு முகங்களை உடைத்தவர்களை நினைத்து அவர் எழுதிக்கொண்டிருந்தார், பாவம், கண்ணெல்லாம் கோபம். நீதிபதி ஈரக் கையை அவர் முன்னால் நீட்டி மோதிரத்தைக் காட்டினார். அந்த மனிதர் குனிந்து பார்த்தார்.

“அட, மோதிரத்த மறந்துட்டேனே,” என்றார். எழுதினதை விரலால் தேய்த்துப் பார்த்தார், மை காய்ந்திருந்தது. “நான் கிளம்பிடுவேன். நீங்க இருப்பீங்கல்ல? பாத்துக்கோங்க.”

மேலேயிருந்து மாவு தூறலாக விழத் தொடங்கியது. மதில்மேல், கடல்மேல், அந்த மனிதர் தோள்மேல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது.

குமாஸ்தா வாசலில் நின்று இருமினார். கிண்ணத்துத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. மோதிரம் அசையவே இல்லை.

நீதிபதி இருக்கைக்கு வந்தபோது அவர் மணிக்கட்டில் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. யாரும் சொல்லத் துணியவில்லை. பேக்கரிக்காரரின் சட்டையிலிருந்து கிளம்பின மாவுத்தூசி வெயில் கோட்டில் மிதந்துகொண்டிருந்தது. நீதிபதி ஒரு கணம் அதையே பார்த்தார்.

“மோதிரத்தக் கழட்டப் பாத்தாங்களா?” என்று அரசு வக்கீலைக் கேட்டார்.

“பாத்தாங்கம்மா.”

“ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வரல?”

“வரலைங்கம்மா. அதனாலதான் அட்டை.”

“சரி. இந்தச் சட்டத்த எழுதினவர் யார நினைச்சு எழுதினாரு? இரும்ப மாட்டிக்கிட்டு அடிக்கிறவன. அவனால அதக் கீழ வைக்க முடியும். வைக்காம அடிக்கிறான். அதுக்குத்தான் ரெண்டு வருஷம். இவரு எதக் கீழ வைக்கணும்? கையையா?”

அரசு வக்கீல் விடுவதாக இல்லை. “இன்னைக்கு மோதிரம்னு விட்டா, நாளைக்கு இரும்புக் காப்பையும் நகைன்னு சொல்லிட்டு வருவாங்கம்மா. ஒருத்தருக்கு வளைஞ்சா அப்புறம் அளவு எது?”

காலையில் கேட்டிருந்தால் நீதிபதியிடம் இதற்குப் பதில் இருந்திருக்காது.

“காப்பு கழண்டு வரும்ல? வந்துச்சுன்னா அவனுக்கு ரெண்டு வருஷம். அளவு அதேதான், ஒரு நூல்கூட நீளல. இவரு கை அதுக்குள்ள அடங்கல, அவ்வளவுதான். கழட்ட முடியாதுங்கிறதுக்கு நீங்க கட்டின அட்டையே சாட்சி.”

அரசு வக்கீல் அட்டையைப் பார்த்தார்.

“எழுதினவர் இன்னைக்கு இங்க இருந்தா, மோதிரத்த நினைக்கலன்னுதான் சொல்லியிருப்பாரு. அத அவருக்குப் பதிலா நான் சொல்றேன். அந்த ரெண்டு வருஷம் கிடையாது.” பின்வரிசையில் ஒரு விம்மல் கேட்டது. நீதிபதி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். “ஆனா அடிச்சது அடிச்சதுதான். கோர்ட் கலையிற வரைக்கும் இங்கயே உட்காரணும். அதுதான் தண்டனை.”

பேக்கரிக்காரர் உட்கார்ந்தார். விடியாத நேரத்தில் எழுந்து பழகின உடம்பு. அடுத்த வழக்கு ஆரம்பிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முறைத்துக்கொண்டே தோளைக் கொடுத்தார். பிற்பகல் முழுவதும் மற்றவர்களின் சண்டைகளுக்கு நடுவே பேக்கரிக்காரரின் குறட்டை இழையாக ஓடிக்கொண்டிருந்தது. நீதிபதி அதை நிறுத்தச் சொல்லவில்லை.

வெயில் மேசையைவிட்டு இறங்கிச் சுவரில் ஏறியபோது கோர்ட் கலைந்தது. குமாஸ்தா, எந்த வழக்கு முடிந்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “சான்றுப் பொருள என்ன பண்றதுங்கம்மா?”

“உரியவங்ககிட்ட ஒப்படைச்சிடுங்க.”

“உரியவங்கன்னா…” குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரைப் பார்த்தார்.

“போட்டுவிட்டவங்க பின்னாடி நிக்கிறாங்க பாருங்க.”

குமாஸ்தாவுக்கு முறை என்றால் முறை. நூலைப் பிடித்தார். நூல் போன வழியே விரல் போயிற்று, விரல் போன வழியே ஆள் போனார். பின்வரிசை வரை நடத்திக் கொண்டுபோய், மனைவியின் உள்ளங்கையில் அந்தக் கையை வைத்தார். அவள் குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து நூலை அறுத்தாள். அட்டை தரையில் விழுந்தது.

“பொருள் நல்ல நிலைமையில இருக்கான்னு பாத்துச் சொல்லணும்,” என்றார் குமாஸ்தா. அதுவும் எல்லாரிடமும் கேட்கிறதுதான்.

அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. மோதிரத்தைச் சுற்றி நூல் அழுந்தின தடம் சிவந்திருந்தது.

“கொஞ்சம் உப்பிப்போயிருக்கு,” என்றாள். “ஆனா என்னுதுதான்.”