கிணற்றுக்குள் கேட்ட மூச்சு

கிணற்றுப் பாறையில் நாலு வெடிக்குழி போட்டு, நாலு திரி கொளுத்திவிட்டு மேலே வந்திருந்தான் ராயப்பன். மூன்றுதான் வெடித்தன. கிணற்று மேட்டில் எல்லோரும் நாலாவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அது வரவேயில்லை.

வெடித்த குழியால் ஆபத்தில்லை, வெடிக்காத குழிதான் எமன். திரி செத்துவிட்டதா, உள்ளே கனன்றுகொண்டிருக்கிறதா என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மறுநாள் வரைக்கும் யாரும் கீழே இறங்கக் கூடாது என்பது கிணறு வெட்டுகிறவர்களின் கட்டுப்பாடு. ஆனால் அது முப்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை. திண்டிவனம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடியெல்லாம் கருகிக்கொண்டிருந்தது. நிலத்துக்காரர் சக்கரபாணிக்கு மறுநாள் என்ற பேச்சே காதில் ஏறவில்லை.

"இன்னும் ரெண்டடி போனா ஊத்து. நீ இறங்கலன்னா சொல்லு, கூட்டேரிப்பட்டுல ஆளு இருக்கு" என்றார். கிணற்றில் இறங்காதவர்களுக்கு எப்போதுமே தைரியம் அதிகம்.

"இறங்கறேங்க" என்றான் ராயப்பன்.

அவன் மனைவி லூர்துமேரி கயிற்றை எடுத்துச் சிக்கெடுத்தாள். அவன் ஏன் மறுக்கவில்லை என்று அவளுக்குத்தான் தெரியும். போன வருஷம் விழுப்புரத்துப் பக்கம் ஒரு வேலையில் கூட இருந்தவனுக்கு மணிக்கட்டோடு கை போய்விட்டது. அதிலிருந்து குழிக்குப் பக்கத்தில் குனிந்தாலே ராயப்பனுக்குக் கை உதறும். மறுத்தால் அது வெளியே தெரிந்துவிடும்; நடுங்குகிற கையை நம்பி யார் வெடிமருந்து கொடுப்பார்கள்?

அவள்தான் ஒரு வழி சொன்னாள். அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்த ஒரு நாள், ஊதுகுழலை அவன் கையில் கொடுத்தாள். "மூக்கால நிறைய இழு. வாயால மெதுவா, நீட்டா விடு. வேகமா ஊதினா சாம்பல்தான் பறக்கும்." அவன் முதலில் சிரித்தான். பிறகு குழிக்கு முன்னால் உட்கார்ந்து, குழல் இல்லாமலே அப்படி ஊதிப் பார்த்தான். கை நின்றது, கவனமும் குழியை விட்டு நகரவில்லை. அன்றிலிருந்து வேலை நேரமெல்லாம் அந்த மூச்சுதான் அவனுக்குத் துணை.

கீழே நல்ல காற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அது அணையவில்லை. வேப்பங்கிளையை ஏற்றி இறக்கிப் புகையை இன்னும் கொஞ்சம் கலைக்கலாம் என்றான் லூர்துமேரியின் தம்பி அப்பாதுரை. "விளக்குதான் நல்லா எரியுதே, போதும்" என்று சக்கரபாணி முடித்துவிட்டார்.

ராயப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்ச் செம்போடும் ஒரு மரக்குச்சியோடும் இறங்கினான். குழியில் தண்ணீரை ஊற்றி, அடைத்த களிமண்ணைக் குச்சியால் மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். கீழே இருப்பவன் அசைத்துக் காட்டாமல் மேலே இருப்பவர்கள் கயிற்றைத் தொடக் கூடாது. கை அசங்கினால் போதும், மருந்து பொறி தட்டிவிடும்.

கப்பியில் ஓடிய கயிற்றை அக்காளும் தம்பியும் பிடித்திருந்தார்கள். ஆழத்தில் அவன் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கிணற்றுச் சுவரில் ஏறி வந்தது. நீளமாக ஊதுவான், பாதியில் ஓரிடத்தில் இடறும், மறுபடி ஊதுவான். எத்தனை பழகியும் அந்த இடறல் அவனை விட்டுப் போகவில்லை. அது கேட்கும்போதெல்லாம் லூர்துமேரிக்கும் மூச்சு இடறியது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு செபம் வாயில் வரவில்லை.

சுரண்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு நின்றது. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, நீளமாக, வழவழவென்று.

"பாரு, எவ்ளோ நிதானமா வேலை பண்றான்" என்றார் சக்கரபாணி.

இடறல் எங்கே போயிற்று? அவள் எட்டிப் பார்த்தாள். இருட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வேலை நடுவில் கூப்பிட்டால் அவனுக்குப் பொல்லாத கோபம் வரும். தெரிந்தும் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"யோவ். இன்னா பண்றே?"

"சும்மாத்தான் மேரி" என்றது குரல். அத்தனை சாவகாசமாக, சோறு தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்தவன் பேசுவதைப் போல.

அவள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வெடிக்காத குழிக்கு முன்னால் குந்தியிருப்பவன் பேசும் பேச்சா அது? அவனுக்குப் பயமில்லை. பயமில்லையென்றால் அங்கே இருப்பது அவன் புத்தி இல்லை.

"இழு" என்றாள் தம்பியிடம்.

"அவரு கயிறு அசைக்கலயேக்கா."

"அறிவிருக்கா உனக்கு? குச்சி குழிக்குள்ள இருந்தா எல்லாம் சேர்ந்து போயிடும்" என்று சக்கரபாணி குறுக்கே வந்தார். அவர் சொன்னதும் பொய்யில்லை. இழுத்தால் அவளே அவனைக் கொன்றதாகலாம், இழுக்காவிட்டாலும் அப்படித்தான். கீழே மூச்சு இன்னும் நீண்டது, குறட்டையாக மாறத் தொடங்கியது.

"இழுடா" என்று அவள் கயிற்றில் தொங்கினாள்.

கயிறு கனத்தது. ஒவ்வொரு முழத்துக்கும் அவள் வெடிச் சத்தத்தை எதிர்பார்த்தாள். செம்பு உருளும் ஓசைதான் கேட்டது. மேலே வந்தவனுக்குத் தலை தொங்கியது, உதடு சிவந்து கிடந்தது. மேட்டில் கிடத்தி முகத்தில் தண்ணீரை அடித்தார்கள். வெகுநேரம் கழித்து வாந்தியெடுத்தான், கண்ணைத் திறந்தான், மனைவியை அடையாளம் கண்டுகொண்டான்.

"இன்னாத்துக்கு இழுத்தே?" என்றான், குழந்தை கோபித்துக்கொள்வதைப் போல. "நீ சொன்ன மாதிரிதான் நிறைய இழுத்து இழுத்து விட்டுக்கினு இருந்தேன். இன்னிக்கித்தான் கீழ பயமே இல்ல மேரி. அவ்ளோ நல்லா இருந்துச்சு."

மறுநாள் பார்க்கலாம் என்று சக்கரபாணி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கை அணைக்காமல் ஆளை மட்டும் மயக்குகிற வெடிப்புகைக் காற்று கீழே தங்கியிருந்ததைப் பற்றி அப்பாதுரை ஏதோ சொன்னான். லூர்துமேரிக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நிறைய இழு என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே. அவ்வளவு சுகமாகச் செத்துப் போயிருப்பான் அவன், அவளும் மேலே நின்று அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள். அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க வந்த தம்பியின் கையை அவள் தட்டிவிட்டாள்.