பழைய சிப்பைப் பார்க்க ஓர் ஆள்

அக்கா வீட்டுக்காரர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. மூன்று வருஷமாக இந்த நாளுக்காகத்தான் கறுவிக்கொண்டிருந்தாள்.

அவர் சிப் கம்பெனியில் டிரைவர் குழுவுக்குத் தலைவர். கேமராவையும் ஸ்பீக்கரையும் சிப்போடு பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். அப்போது அவள் இருந்த சின்ன கம்பெனி, அவர்கள் சிப்பை வைத்துக் காது கேளாதவர்களுக்கான ஃபோன் தயாரித்தது. சைகையில் பேசுகிறவர்களுக்குக் கேமராதான் வாய். இரண்டாம் வருஷம் ஃபோனின் இயங்குதளம் மாறியது. பழைய டிரைவர் அதில் ஓடவில்லை, கேமரா இருண்டுவிட்டது. டிரைவரின் மூல நிரல் கையில் இருந்தால் அவளே சரிசெய்திருப்பாள். அதைத்தான் சிப் கம்பெனிக்காரர்கள் பூட்டி வைத்துக்கொண்டு தர மாட்டார்களே. வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக்கே போய்க் கெஞ்சினாள்.

“வித்த சிப்புக்கு மறுபடி காசு வராதும்மா. என் ஆளுங்க எல்லாரும் புது சிப்புல இருக்காங்க. பழசப் பாக்க ஆள் இல்ல,” என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கம்பெனி இழுத்து மூடப்பட்டது. ஃபோன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதியது அவள்தான்.

இன்று அவள் பெரிய ஃபோன் கம்பெனியில், எந்த சிப் வாங்குவது என்று முடிவுசெய்கிறவள். ஐம்பது லட்சம் சிப். அத்தானோடு அவருடைய இயக்குநரும் வந்திருந்தார்.

“ஏழு வருஷம் டிரைவர் தரணும்,” என்றாள்.

“தந்துடலாம்,” என்றார் இயக்குநர். இவ்வளவு பெரிய ஆர்டருக்கு அவர் எதற்கும் தலையாட்டுவார்.

“அதுக்குப் பொறுப்பா ஒருத்தர். ஏழு வருஷமும் அவர வேற சிப்புக்கு மாத்தக் கூடாது.”

காகிதத்தைத் திருப்பி வைத்தாள். அத்தானின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அவருக்கு முகம் வெளிறியது. அந்தத் தொழிலில் பழைய சிப்பில் மாட்டியவன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். புது சிப்புக்குத் தாவுகிறவனுக்கே பதவி உயர்வு, அவர் நான்கு முறை தாவி மேலே வந்தவர்.

இயக்குநர் யோசிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபோன் பேச வெளியே போனார்.

“உன் அக்காவ நெனச்சுப் பாத்தியா?” என்றார் அத்தான், தணிந்த குரலில்.

“நெனச்சேன் அத்தான். அதனாலதான் உங்க வேலையில கை வைக்கல.” அவள் காகிதத்தை மடித்து உறையில் போட்டாள். “பழசப் பாக்க ஆள் இல்லன்னு சொன்னீங்க. இப்ப கெடச்சாச்சு.”