விஷமில்லாத சுவர்

"அந்தத் தேவல் சாமி ரூமுக்குள்ள காலே வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!" காஞ்சன்பென் ஆரத்தித் தட்டை ணங்கென்று கீழே வைத்தாள்.

"அப்ப பெயிண்டே அடிங்க மம்மி. அந்த நாத்தம் வந்த அன்னிக்கே நான் எங்க வீட்டுக்குக் கிளம்பிடுவேன். பிள்ளை பொறந்தாலும் திரும்பி வர மாட்டேன்" என்றாள் மருமகள் ஜிக்னா. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

மாண்ட்வியில் எங்கள் தெருவிலேயே பெரிய வீடு அது. போன தீபாவளிக்குப் பளபளவென்று அடித்த பெயிண்டில்தான் ஜிக்னாவுக்கு இழுப்பு ஆரம்பித்தது. பெயிண்ட் வேண்டுமா, பேரப்பிள்ளை வேண்டுமா என்று டாக்டர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து காஞ்சன்பென்னுக்கு இயற்கையின் மேல் அப்படி ஒரு பாசம். மண், சாணம், சுண்ணாம்பு என்று வீடு முழுக்கப் பூச ஏற்பாடாயிற்று. அந்த வேலை நன்றாகத் தெரிந்தவள் ஊரில் தேவல் ஒருத்திதான். அவளோ ஊர் தீட்டென்று ஒதுக்கி வைத்த மேக்வால் சாதி.

சாணம் புனிதம் என்பதில் காஞ்சன்பென்னுக்குச் சந்தேகமே இல்லை. மாட்டின் வாலுக்குக் கீழிருந்து விழுந்தது புனிதம், அதைப் பிசைகிற கை தீட்டு! இந்தக் கணக்கு எனக்கு இந்த வயசிலும் பிடிபடவில்லை.

தேவலுக்கென்று கொல்லைப்புற மாடத்தில் ஒரு மண் குவளை கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெயர் ராம்பாத்திரம். ராமர் பாவம், இதற்கும் பெயர் கொடுக்க வேண்டியிருக்கிறது. டீ நேரத்தில் அவளே அதை எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். காஞ்சன்பென் ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஒருநாள் ஜிக்னா எவர்சில்வர் டம்ளரில் கொடுத்துவிட்டாள். காஞ்சன்பென் அந்த டம்ளரை அடுப்புத் தீயில் காட்டிச் சுத்தம் செய்தாள்.

சாமி அறை விவகாரம் பூசாரி மகராஜிடம் போனது. "சாமியைச் சமையல்கட்டுக்கு மாத்திடுங்க. வேலை முடிஞ்சதும் கங்கா ஜலம் தெளிச்சாப் போச்சு" என்று அவர் வழி சொல்லிவிட்டார்.

தேவல் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "பின்னாடி குளியலறை இருக்குல்ல சேட்டாணி, ஓதம் ஏறியிருக்கு. சுண்ணாம்போட சுட்ட மண்ணை இடிச்சுப் போட்டாத்தான் நிக்கும். உடைஞ்ச பானை, ஓடு ஏதாவது குடுங்களேன்."

"என் வீட்டுச் சாமானை நீ தொடாதே. உன்னோடது எதையாவது போட்டுக்கோ, போ!"

தேவல் கொல்லைப்பக்கம் போனாள். உலக்கைச் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு அரித்துப் புண்ணாகியிருந்த கையாலேயே சலித்து, வெல்லமும் வெந்தயத் தண்ணீரும் விட்டுக் குழைத்தாள். ஐந்து நாள் பூசித் தேய்த்ததில் சுவர் சந்தனம் மாதிரி வழவழத்தது. ஜிக்னா மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். இருமல் வரவில்லை. நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சுவர் காய்ந்ததும் கங்கா ஜலம் தெளித்தார்கள், சாமி திரும்பி வந்தது. காஞ்சன்பென் நெற்றியைச் சுவரில் ஒற்றிக் கும்பிட்டாள். வெளியே வந்தபோது மனசு குளிர்ந்திருந்தது.

"டீ குடிச்சிட்டுப் போடி தேவல். குவளையை எடு."

"இல்லையே சேட்டாணி."

"எங்கடி போச்சு?"

"என்னோடதைப் போட்டுக்கச் சொன்னீங்களே. இந்த வீட்டுல என்னோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதான். இடிச்சு சாமி சுவத்துல போட்டுட்டேன்."

காஞ்சன்பென்னின் கை தானாக நெற்றிக்குப் போனது. சுவரை இடிக்கலாம், தூசியில் மருமகள் கிளம்பிவிடுவாள். மகராஜிடம் கேட்கலாம், நாளைக்குத் தெருவே சிரிக்கும்.

ஜிக்னா எவர்சில்வர் டம்ளரில் டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். தேவல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவசரப்படாமல் குடித்தாள். டம்ளரை யாரும் தீயில் காட்டவில்லை.

பேத்தி பிறந்து தவழ்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காஞ்சன்பென் சாமி அறையைக் காட்டிப் பெருமைப்படுகிறாள்.

"விஷமே இல்லாத சுவர், தொட்டுப் பாருங்க!"

"அப்படி என்னென்ன போட்டீங்க?"

"சுண்ணாம்பு, வெல்லம், வெந்தயத் தண்ணி..." என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வருவாள். நாலாவது விரலை மடக்கிவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்பாள்.