எட்டா, மூன்றா

சீட்டு விளையாட்டுக்கு எங்கள் ஆபீசில் வைத்திருக்கும் பெயர் திட்டமிடல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செம்பூர் ஆபீசின் கண்ணாடி அறையில் டீம் கூடும். அடுத்த இரண்டு வாரத்தில், அதாவது அடுத்த ஸ்பிரின்ட்டில், எந்தெந்த வேலையை முடிப்பது என்று டீமே முடிவு செய்யுமாம். வேலை எவ்வளவு பெரியது என்று ஆளுக்கொரு எண் சீட்டை ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் எண்ணை மாற்றக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. எங்கள் ஆட்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மேனேஜர் நகுல் தூக்கும்வரை சீட்டுகளை விசிறி போலப் பிடித்துக்கொண்டு யோசிப்பதாக நடிப்பார்கள். விதிப்படி நகுல் சீட்டே காட்டக் கூடாது. அவன்தான் முதலில் காட்டுவான்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு எட்டு. அம்மா லூசியம்மாளுக்கு வியாழக்கிழமை கர்ப்பப்பை ஆபரேஷன். மாதக்கணக்கில் அலைந்து வாங்கிய தேதி. பெண்கள் வார்டில் ராத்துணைக்குப் பெண்தான் இருக்கலாம். தாராவி வீட்டில் என்னைவிட்டால் பெண் கிடையாது. எங்கள் ஆப்பில் பணம் கட்டும் பேமென்ட் பக்கத்தை மாற்றி எழுதும் வேலையோ என் தலையில். அது எட்டு என்றால் இந்த ஸ்பிரின்ட்டில் கொள்ளாது, தள்ளிப்போகும், எனக்கு லீவு. மூன்று என்றால் உள்ளே வரும், லீவு கிடையாது. இதை நகுலே சொல்லியிருந்தான்.

காலையில் கீழே டீக்கடையில், கூட வேலை பார்க்கும் ஆதர்ஷிடமும் ஜிபினிடமும் கேட்டேன்.

"கவலையே படாதே ஷைனி. அது எட்டுக்குக் கொறைய சான்ஸே இல்ல. பக்கா" என்றான் மாட்டுங்காக்காரன் ஆதர்ஷ்.

"எனக்கும் எட்டுதான். நீ மொதல்ல அம்மையப் பாரு" என்றான் ஜிபின். டீக்குக் காசும் அவனே கொடுத்தான்.

மேலே போனோம். நகுல் மூன்றைத் தூக்கினான். நான் எட்டு. ஆதர்ஷின் விரல் எட்டை விட்டு மூன்றுக்கு நகர்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். ஜிபின் மூன்று. ஸ்ரீலேகாவும் மூன்று. அவள் போன மாதம் சேர்ந்தவள், பயந்தவள், விட்டுவிடலாம். என்னோடு டீ குடித்த இரண்டு பேரை எப்படி விடுவது?

எண் ஒத்துப்போகாதவர் காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒன்றைத் தொட்டால் நாலு உடையும் என்பதை எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். மறுபடி சீட்டைத் தூக்கினார்கள். மறுபடி மூன்று.

"தேகோ, பாருங்க, இது என் முடிவு இல்ல. டீமோட முடிவு" என்று கையை விரித்தான் நகுல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செரி. மூணுதான? சின்ன வேலதான? ஆதர்ஷ், நீ எடுத்துக்கோ. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

ஆதர்ஷ் லேப்டாப்பைப் பார்த்தான். "இல்ல... எனக்கு அந்தக் கோட் பழக்கமில்லையே. நான் பண்ணினா எட்டு ஆயிடும்."

"ஜிபின்?"

"எனக்கும் எட்டு ஆவும்லா."

ஸ்ரீலேகா அவசரமாக நோட்டில் எதையோ எழுதத் தொடங்கினாள்.

நகுலின் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். மருந்துக்கும் இல்லை. "அச்சா, இன்னொரு தடவ காட்டலாம்" என்று எட்டைத் தூக்கினான். அடுத்த நொடி மேஜையைச் சுற்றி எட்டு, எட்டு, எட்டு. த்தூ!

வேலை தள்ளிப்போனது. நகுல் என் லீவு விண்ணப்பத்தைத் திரையில் திறந்தான். உடனே ஒப்புதல் கொடுக்கவில்லை.

"இதுதான் டீம் ஸ்பிரிட்! ஷைனியோட அம்மாவுக்காக எல்லாரும் எப்படி நின்னீங்க! ஒரு கைதட்டல்."

தட்டினார்கள். ஆதர்ஷ்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினான். இவர்களோடா ஒரே டிபனைப் பிரித்துத் தின்றேன் என்று அருவருப்பாக இருந்தது. தட்டி ஓய்ந்தும் நகுலின் விரல் மவுஸின் மேலேயே நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தான். ஜிபின் முழங்கையால் இடித்தான்.

"ஒரு தேங்க்ஸ் சொல்லேன் பிள்ளே."

"எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் நகுல் பட்டனை அழுத்தினான்.